நீங்களே வச்சிக்குங்க

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் மேட்சிங் சென்டர் இருக்கிறது. புடவையைக் கையில் கொண்டுவந்தால் அதற்கு ஒத்துப்போகிற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். மயில்கழுத்து நிறத்தில் எத்தனை வகை உண்டு என்று மயிலுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்பா நல்லசிவம் உடன்குடியிலிருந்து வந்து போட்ட கடை. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன்மார் பெரிய தெருவுக்குப் பாத்திரக்கடை, நகைக்கடை என்று போய்விட்டார்கள். சந்து சந்திரிகாவுக்கு, அதாவது எனக்கு, வந்து சேர்ந்தது. கீழே கடை, மாடியில் வீடு.

எங்கள் சந்தில் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்லமாட்டார்கள். முதலில் சரி சொன்னவர் ஏமாந்தவர். அவரைப் பார்த்துக் கடைக்காரருக்கே கொஞ்சம் பாவமாக இருக்கும். ‘பரவாயில்ல, பாக்கலாம்’ என்றால் ஆளுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ‘வேணாம்’ என்றால் நிச்சயம் வேண்டும் என்று அர்த்தம். ‘நீங்களே வச்சுக்கோங்க’ என்று சொல்லிவிட்டு நாலடி நடந்தால் வியாபாரம் முடிந்தாயிற்று. பின்னாலிருந்து, ‘அக்கா, வாக்கா, கோச்சிக்காதக்கா’ என்று ஒரு குரல் வரவேண்டியதுதான் பாக்கி. அந்தக் குரல் வராமல் போனதை நான் பார்த்ததில்லை.

இந்த வித்தையில் எனக்கே பாடம் எடுக்கக்கூடியவள் ஷீலா. என் கடை வாசலை ஒட்டி நடைபாதையில் நைட்டி விற்கிறவள். பட்டினப்பாக்கம் குடியிருப்பில் வீடு. புருஷன் வேறொருத்தியோடு எண்ணூர் பக்கம் போய்விட்டான். ‘போனது போவட்டும்க்கா, ரிட்டன் மட்டும் எடுக்கமாட்டேன்’ என்பாள். ஒரு தடவை அடையாற்றிலிருந்து வந்த ஒரு அம்மா அரைமணி நேரம் நைட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீயே வச்சுக்கோ” என்று திரும்பினார். ஷீலா அசரவில்லை.

“வச்சிக்கிறேன் மேடம். என் சைஸுதான்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்தவர்கள் வாங்காமல் போனதில்லை.

ஆனால் இதெல்லாம் சந்தோடு சரி. வீட்டில் ஷீலா வேறு ஆள். அங்கே அவளுக்கு ஒரே விலைதான். மகன் ரொனால்டிடம் ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்றிச் சொன்னதில்லை. டிவி கிடையாது என்றால் கிடையாது. சினிமா உண்டு என்றால் காய்ச்சலோடு வந்தாவது கூட்டிக்கொண்டு போவாள். அவனைச் சந்துப் பக்கமே விட்டதில்லை. ஒரு தீபாவளிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவனை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

“இன்னாத்துக்கு வந்த? இங்க வந்து நின்னின்னா இந்த வாயிதான் உனுக்கும் வரும். போய்ப் படி.”

“ஏ ஷீலா, பிள்ளைய ஒரு நிமிஷம் நிக்க விடேன்” என்றேன் நான்.

“நீ கம்னு இருக்கா. நான் இங்க பேசறதெல்லாம் அவன் காதுல வுழக் கூடாது. என் புள்ள ஒரு வார்த்த சொன்னா அது ஒரு வார்த்தயா இருக்கணும்.”

இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சாந்தோமில் பங்குப் பள்ளிக்கூடத்தில் அவனைப் பிளஸ் ஒன் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியும் விட்டாள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில், ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், ரொனால்ட் ஒரு பெண்ணின் கையிலிருந்து செல்போனைப் பறித்தான். பொய் வழக்கு இல்லை, பறித்தான். பனகல் பார்க் பக்கம், பிரகாசம் என்கிற அவனைவிடப் பெரிய பையன் வண்டியை ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து பிடுங்கினான். சிக்னலில் வண்டி சறுக்கியது. ஜனங்கள் பிடித்துச் சாத்தி போலீசில் கொடுத்தார்கள். அந்தப் பெண் கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துபோனது. ஷீலா இரண்டு விஷயத்துக்கும் அழுதாள். முதலில் அந்தப் பெண்ணின் கைக்கு.

பிரகாசத்துக்குப் பதினெட்டு ஆகிவிட்டதால் புழல் ஜெயிலுக்குப் போனான். ரொனால்டுக்கு ஆகாததால் சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். ஊரடங்கு வந்ததும் வேடிக்கையைப் பாருங்கள், பெரியவனுக்கு ஒரு வக்கீல் இருந்தார், ஜாமீனில் வந்து நொச்சிக்குப்பத்தில் மாமா வீட்டில் மீன் தின்றுகொண்டிருந்தான். சின்னவன் உள்ளே இருந்தான். பெற்றவர்கள் வந்து பார்ப்பதையும் இல்லத்தில் நிறுத்திவிட்டார்கள், நோய் உள்ளே வந்துவிடும் என்று. சரியான காரணம்தான். சரியான காரணத்துக்காக அடைத்த கதவாக இருந்தாலும் வெளியில் நிற்கிறவளுக்குக் கதவு கதவுதான்.

சந்து மூடிக்கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து ரங்கநாதன் தெருவில் நாய் படுத்துத் தூங்கிப் பார்த்ததில்லை. அந்த ஏப்ரலில் நடுத்தெருவில் கால் நீட்டித் தூங்கியது. என்னிடம் லைனிங் துணி மூட்டை மூட்டையாக இருந்தது. ஷீலாவிடம் தையல் மெஷின் இருந்தது. அவள் பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்து துணியை எடுத்துக்கொண்டு போய் முகக்கவசமாகத் தைத்துக் கொண்டுவருவாள். வழியில் போலீஸ் மறித்தால் கவசத்தை எடுத்து நீட்டுவாள். “போட்டுக்க சார், காட்டன். உங்க மாஸ்க்கு மூக்க அமுக்குது பாரு.” லத்தியை ஓங்கினவர் கவசத்தை மாற்றிக்கொண்டு வழிவிட்டதாக வந்து சொல்லுவாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

“அங்க அவனுக்கு இன்னா மாஸ்க் குடுத்துக்கீறாங்களோ தெரில.”

அந்தச் சமயத்தில்தான் நன்னடத்தை அலுவலர் நீரஜா மேடம் என் நம்பருக்குப் பேசினார். ஷீலாவிடம் பட்டன் போன்தான். வீடியோவுக்கு என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள். நெரிசலைக் குறைக்கப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், இளைஞர் நீதிக் குழுமம் வீடியோவிலேயே விசாரிக்கும், நாளைக்குக் காலையில் அம்மா இருக்க வேண்டும் என்றார்.

ஷீலா விடிந்ததும் வந்துவிட்டாள். தலை வாரி, பூ கிடைக்காததால் வெறுமே முடிந்து, மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற நீலப்புடவை கட்டியிருந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று பார்த்தால் முகம் இறுகிக் கிடந்தது. அவள் குடியிருப்பில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும், வாராவாரம் ஸ்டேஷனுக்கு அலையவேண்டும், இன்னும் ஏதேதோ.

“சொந்த வூட்டுக்கு நான் எங்கக்கா போவேன்?”

“நான் போடுதேன் கையெழுத்து. ஒரு ஆளுக்கு நான் ஆச்சு.”

“இன்னோரு ஆளு? நம்ம ஆசையக் காட்டிகினோம்னு வையி, இன்னும் ஏத்துவாங்க.”

நானும் அதை மறுக்கவில்லை. எங்கள் சந்தில் அது கணக்கு வாய்ப்பாடு மாதிரி.

திரை வந்தது. ஒரு கட்டத்தில் நீதிபதி, பின்னால் புத்தக அலமாரி. ஒரு கட்டத்தில் குழுமத்து உறுப்பினர் அம்மா. அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒரு கட்டத்தில் நீரஜா மேடம். கடைசிக் கட்டத்தில் ரொனால்ட். மூக்குக்கு மேல் வரைக்கும் கவசம். கண் மட்டும் தெரிந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

“ரொனால்டோட அம்மா இருக்காங்களா? கேக்குதா?”

“கேக்குது சார்.”

“அம்மா, கேக்குதா?”

“கேக்குதுங்க சார்!”

அந்த வருஷம் நாடு முழுக்க எல்லாரும் எல்லாரையும் கேட்ட கேள்வி அது.

நீதிபதி நல்ல மனுஷர்தான். நிதானமாகப் பேசினார். “தொத்து பரவிட்டிருக்கும்மா. பசங்க வீட்ல இருக்கறதுதான் நல்லது. பையனை உங்க பொறுப்புல விட்டா கூட்டிட்டுப் போறீங்களா? வெளிய விடாம பாத்துப்பீங்களா?”

நான் ஷீலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அதை ஷட்டர் மாதிரி இறக்கினாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என் வாசலில் பார்த்த முகம்.

“எனுக்கு இன்னாத்துக்கு சார்?” என்றாள்.

“என்னம்மா?”

“எனுக்கு வோணாம் சார். சொன்ன பேச்சு கேக்காத புள்ள. நீங்களே வச்சிக்குங்க.”

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நீதிபதியிடமே விரிக்கிறாளே கடையை என்று. அவளுக்கு மகன் மேலே கோபம் இல்லாமலும் இல்லை; அந்தப் பெண்ணின் முறிந்த மணிக்கட்டு அந்த வார்த்தைக்குள்ளே இருந்தது. எந்தப் பேரத்திலும் ஒரு பொட்டு நிஜம் இருக்கும், அது இல்லாவிட்டால் எதிராளி நம்பமாட்டான்.

“அம்மா, கோவத்துல சொல்லாதீங்க” என்றார் நீதிபதி. “நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

அவர் இரண்டாவது தடவை கேட்டதுதான் வினை. ஷீலா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். ‘படியுது’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எங்கள் சந்தில் ஒருத்தர் இரண்டாவது தடவை கேட்டால் அவர் இறங்கி வருகிறார். இன்னும் ஒரு தடவை பிடித்து நின்றால் போதும்.

“யோசிச்சித்தான் சார் சொல்றேன். வோணாம்.”

சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்தாள். திரும்பி மாடிப்படிப் பக்கம் நடந்தாள். அந்த நாலடி.

ரொனால்ட் தலையைத் தூக்கினான். அவன் திரையில் என் கட்டைவிரலும், சீலிங் ஃபேனும், நீலப்புடவையில் போகிற ஒரு முதுகும்தான் தெரிந்திருக்கும். கவசம் போட்ட முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் இரண்டு தடவை கொட்டியது. அதற்குள் எல்லாக் கட்டமும் உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“சார், ஒரு நிமிஷம் சார், கூட்டிட்டுப் போவா சார், அவ சும்மா சொல்லுதா சார்” என்று அந்த வட்டத்திடம் நான் கத்தினேன்.

திரை திரும்ப வந்தபோது வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். “பையனோட அப்பா இருக்காரா? கேக்குதா?” என்று நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷீலா படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“கூப்ட்டாங்களாக்கா?”

“லைன் கட்டாயிட்டுளா.”

“சரி, திருப்பிக் கூப்டுவாங்க. கூப்டாம எங்க போவாங்க.”

படியிலேயே உட்கார்ந்தாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெயில் சந்துக்குள் வந்து, சுவர் ஏறி, போய்விட்டது. போன் ஒரு தடவை அடித்தது. தையல் நூல் கம்பெனிக்காரர், கடை எப்போது திறக்கும் என்று கேட்டார்.

சாயங்காலம் நானே நீரஜா மேடத்தைக் கூப்பிட்டேன்.

“தாயார் அழைத்துச் செல்ல மறுத்துவிட்டார்னு பதிவாயிடுத்தும்மா” என்றார்.

“மேடம், அது பேரம்.”

“என்னது?”

“பேரம் மேடம். வேணாம்னா வேணும்னு அர்த்தம். யார வேணும்னாலும் கேளுங்க எங்க தெருவுல.”

மேடம் மயிலாப்பூர். கேலி செய்கிற ஆள் இல்லை, களைத்துப்போயிருந்தார். “குழந்தைய வெச்சுண்டு யாராவது பேரம் பேசுவாளாம்மா? எங்காத்துல கத்திரிக்கா வாங்கறச்சேகூட நாங்க சொன்ன விலையக் குடுத்துடுவோம்.” அப்புறம் அவராகவே, “மறுபடி மனு போடலாம். ஆனா இப்ப அவசரம்னா மட்டும்தான் எடுத்துக்கறா. ஊரடங்கு முடியட்டும்” என்றார்.

ஊரடங்கு எங்கே முடிந்தது? முடியப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் நீட்டித்தார்கள்.

இல்லத்திலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் பேச விட்டார்கள். ரொனால்ட் போன் கேட்கவில்லை. மேடமே போட்டு அவன் கையில் கொடுத்தார். வாங்கிக் காதில் வைத்துக்கொள்வான், பேசமாட்டான் என்றார். ஷீலா என் மாடியில் உட்கார்ந்து, அவன் பதிலையும் தானே சொல்லிக்கொண்டு, அந்த மௌனத்தோடு பேசுவாள்.

“டேய், துன்னியா? இன்னா கொயம்பு? … சாம்பாரா. சரி, துன்னு. பல்லு வெளக்குனியா? … டேய், அன்னிக்கி சொன்னேன்ல, அது வாயி சொன்னதுடா. யாவாரத்துக்குச் சொன்னது. நைனா, கேக்குதா? … கேக்குதாடா?”

கேட்டது என்பதற்கு ஒரே அடையாளம் மூச்சுச் சத்தம். அதற்காகவே அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருப்பாள். நேரம் முடிந்து எடுத்தால் காது சிவந்திருக்கும்.

ஜூனில் உள்ளே சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ரொனால்டுக்கும் வந்து, தனியாக வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்; மேடம் தினமும் சேதி சொன்னார். ஆனால் மறுபடி முழு ஊரடங்கு, ஷீலாவால் நகர முடியவில்லை. சாந்தோம் கோயிலும் பூட்டிக்கிடந்தது. வெளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபம் செய்திருக்கிறாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று பிறகு கேட்டேன்.

“வோணும்னு மட்டும் சொன்னேன்க்கா. வேற ஒண்ணும் சொல்ல பயமா இருந்திச்சி.”

அவன் தேறினான். மேடம் விடாமல் மனு போட்டதில் ஜூலை கடைசியில் மறுபடி திரை வந்தது. இந்தத் தடவை நீதிபதி ‘கேக்குதா’ என்பதற்குள் ஷீலா ஆரம்பித்துவிட்டாள்.

“வோணும் சார். எனுக்கு என் புள்ள வோணும் சார். இப்பவே வர்றேன் சார்.”

எங்கள் சந்தில் அவளை யாராவது அப்போது கேட்டிருந்தால் தொழிலையே விட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நீதிபதிகூட லேசாகச் சிரித்தார். ரொனால்டைக் கேட்டார். “தம்பி, அம்மாகூடப் போறியா?”

“நீங்க சொன்னாப் போறேங்க சார்.”

சொந்த வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் ஒரு கையெழுத்து, மேடத்திடம் அவ்வப்போது வந்து முகம் காட்டினால் போதும். அவ்வளவுதான். ஏப்ரலிலும் இவ்வளவுதான் கேட்டிருப்பார்கள்.

ஆட்டோ பிடித்து நானும் கூடப் போனேன். கதவு திறந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெலிந்து, உயரமாகியிருந்தான். ஷீலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் கையைத் தொங்கவிட்டபடி, கட்டி முடிக்கும்வரை நின்றான். பிறகு சொன்னான்.

“வாங்கம்மா. போலாங்களா?”

ஷீலா என்னைப் பார்த்தாள். காதில் சரியாக விழவில்லை என்பதுபோல். அவர்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் அம்மாவை ‘வாங்க’ என்று சொல்லாது. ‘வா’தான், ‘நீ’தான். கோபம் வந்தால் ‘கெயவி’, கொஞ்சல் வந்தாலும் ‘கெயவி’. ‘நீங்க’ என்பது போலீசுக்கு, வாத்தியாருக்கு, வட்டிக்காரருக்கு.

ஆட்டோவில் அவள் சொல்லித் தீர்த்தாள். சந்து, பேரம், வேணாம் என்றால் என்ன அர்த்தம், நாலடி நடந்தால் என்ன அர்த்தம், எல்லாம். நானும் சாட்சி சொன்னேன். “எங்க தெருவுல அப்படித்தான்யா. உங்கம்மா மாதிரி ஆளு கிடையாது. உன்னை வேணும்னுதான் வேணாம்னா.” சொல்லும்போதே எனக்கு அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. அவனைத்தான் சந்தில் நிற்கவே விட்டதில்லையே. அந்தப் பாஷையை அவன் எங்கே கற்றுக்கொள்வான்? அவன் கேட்டு வளர்ந்ததெல்லாம் ஒரே விலை.

அவன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்ப அன்னிக்கி நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களாம்மா?”

நானும் ஷீலாவும் ஆட்டோவின் இரண்டு பக்கமும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

சந்து மெல்லத் திறந்தது. ஷீலா மறுபடி விரித்தாள், ஆனால் வியாபாரம் படியவில்லை. யாராவது ‘வேணாம்’ என்றால் பதில் சொல்லாமல் நைட்டியை மடித்து வைத்துவிடுவாள். நடந்து போகிறவர்களைக் கூப்பிடமாட்டாள். அவர்கள் நாலடி போய், நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, ஏமாந்து போவார்கள்.

“எப்படி இருக்கான்?” என்பேன்.

“பஷ்டா கீறான்” என்பாள். அப்புறம் சொல்லுவாள். “நான் உள்ள போனா எழுந்து நிக்கிறான்க்கா. துன்ன தட்ட அவனே கய்வி வைக்கிறான். நேத்து வேணும்னே மீன் கொயம்புல உப்பே போடல. துன்னுகினு கீறான் கம்னு. ‘இன்னாடா உப்பு கீதா’ன்றேன். ‘நல்லா இருக்குதுங்கம்மா’ன்றான். ஒரு தட்டாவது தூக்கி எறியமாட்டானான்னு இருக்குதுக்கா.”

“போகப்போகச் சரியாயிரும்ளா.”

“முன்னல்லாம் எறிஞ்சிக்கீறான். எவர்சில்வர் தட்டு. இன்னம் நெளிஞ்சிகினு கீது.”

டிசம்பரில் ஒரு நாள் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகலாம், தங்க அறையும் உண்டு என்று நீரஜா மேடம் ஏற்பாடு செய்திருந்தார். ரொனால்ட் பையைக் கட்டி வைத்துவிட்டு, அவளிடம் அனுமதி கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

“போன்னு சொன்னா, வோணாம்னு அனுப்பறேன்னு நெனப்பான். போவாதன்னு சொன்னா இருந்துருவான். இன்னாக்கா சொல்றது? நீ வாக்கா. நீ இருந்தா எனுக்கு வாயி வரும்.”

“வந்து என்ன செய்ய? உள்ளத மட்டும் சொல்லு. ஒண்ணும் கூட்டாத, குறைக்காத.”

ஆனாலும் போனேன்.

பட்டினப்பாக்கம் வீடு ஒரே அறை, சமையல் ஓரம். ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம். ரொனால்ட் எழுந்து எனக்கு ஸ்டூல் எடுத்துப்போட்டான். “உக்காருங்க ஆன்ட்டி.” அவன் பை கதவோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்து, “நீங்களும் உக்காருங்கம்மா” என்று பாயை விரித்தான்.

ஷீலா உட்காரவில்லை. நின்றபடி சொன்னாள். அவள் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் அத்தனை சின்னதாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

“எனுக்கு நீ வோணும்டா. போவாத.”

ரொனால்ட் அவளைப் பார்த்தான். இது எந்த விலை, கேட்கிற விலையா, கொடுக்கிற விலையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள அவனிடம் ஒரு வழியும் இல்லை.

“சரிங்கம்மா” என்றான்.

“சரின்னா இன்னா? உனுக்கு இன்னா வோணும்னு சொல்லுடா.”

“நீங்க சொல்றதுதாங்க.”

“திட்டவாச்சும் திட்டுடா என்ன. ‘போடி கெயவி, நான் போறேன்’னு சொல்லு. சந்தோசமா அனுப்பறேன்.”

அவன் சிரித்தான். பஸ்ஸில் தெரியாதவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் நாம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பையைத் திறந்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி ஆணியில் மாட்டினான். காலிப் பையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தான். பிறகு, நான் வெயிலில் வந்தவள் என்று ஞாபகம் வந்தவன்போல, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தான். ஒன்றை இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தான். மற்றதை, அதேபோல இரண்டு கையாலும், அவளுக்குக் கொடுத்தான். குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போவதற்காகச் சற்றுத் தள்ளி நின்றான்.

ஷீலா டம்ளரைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுத் தண்ணீரை, வேற்று வீட்டுக்கு வந்தவள் மாதிரி, வாயில் வைக்காமல் அண்ணாந்து குடித்தாள்.